விசாரித்தல் என்னும் ஊழியம்



ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் கலைந்த பின்பு, வெஸ்ட்ரி வாசலில் தனித்து நின்று, தாழ்ந்த குரலில் ஆயர்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா?” கேட்பவர் அநேகமாக ஐம்பது வயதைக் கடந்த மகன், சில வேளை மகள். மருமகள் ஒருநாளும் கேட்பதில்லை. கேட்டால் தனக்கு என்ன பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியும். இப்படிக் கேட்கிறவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். அன்பற்றவர்கள் எவரையும் கேட்பதே இல்லை. சேர்த்துவிட்டுத் தங்கள் வழியே போய்விடுகிறார்கள்.

நான் சொல்லும் பதில் சிலருக்குப் பிடிப்பதில்லை என்று அறிவேன். முதியோர் இல்லத்தில் சேர்ப்பது தன்னிலே பாவமன்று. சேர்த்த பின்பு விசாரியாதிருப்பதே பாவம். அந்தப் பாவத்தில் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, சபைக்கும் பங்கு உண்டு. பிள்ளைகளைப் பற்றி நாம் தாராளமாகப் பேசுகிறோம். சபையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே இவ்வாரச் சிந்தனையில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதியோர் இல்லம் நம் பண்பாடு அன்று, அது மேல்நாட்டிலிருந்து வந்த நோய் என்று பிரசங்க பீடங்களிலிருந்தும் சொல்லப்படுகிறது. திருச்சபையின் வரலாறு அறிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். 4ஆம் நூற்றாண்டில், கப்பத்தோக்கியா நாட்டுச் செசரியா நகரின் அத்தியட்சராயிருந்த பசிலியு, நகருக்கு வெளியே நோயாளிகளையும் ஏழைகளையும் வழிப்போக்கரையும் வயது முதிர்ந்தோரையும் தாங்கும் பெரிய இல்லம் ஒன்றைக் கட்டினார். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசனின் சட்டத்தொகுப்பு, சபையின் பராமரிப்பில் இருந்த தர்ம நிலையங்களைக் குறிப்பிடும்போது, முதியோருக்கான இல்லங்களைத் தனிப்பெயரிட்டே குறிப்பிடுகிறது. ஆதரவற்ற முதியவரைக் கூரையின்கீழ் சேர்ப்பது குடும்ப அன்பு செத்துப்போனதனால் பிறந்த வழக்கமன்று. குடும்பம் இல்லாதவர்க்கும் குடும்பம் போதாதவர்க்கும் சபை குடும்பமாயிருந்ததனால் பிறந்தது.

நம் காலத்துக்கு அருகே வருவோம். 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பிரான்ஸ் தேசத்தின் கடலோர ஊர் ஒன்றில் ழான் ஜுகான் என்னும் ஏழைப் பெண், கண் தெரியாத, கைகால் விளங்காத ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குத் தூக்கிவந்து, தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் பரணில் படுத்தார். அந்தக் கட்டிலிலிருந்து தோன்றியதுதான் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்னும் கன்னியர் அமைப்பு. 1882இல் கல்கத்தாவுக்கு வந்தது. சென்னையிலும் அவர்களுடைய இல்லம் உண்டு. ழான் ஜுகான் நம் சபை மரபைச் சேர்ந்தவர் அல்லர். ரோமன் கத்தோலிக்க சபை 2009இல் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் சரித்திரத்தில் என் நெஞ்சைத் தைக்கும் பகுதி அந்தக் கட்டில் அன்று. தாம் தொடங்கிய அமைப்பிலேயே அவர் தலைமையிலிருந்து விலக்கப்பட்டு, கடைசி 27 ஆண்டுகளும் ஒதுங்கி வாழ்ந்தார். 1879இல் அவர் மரித்தபோது, தொடங்கியவர் இவரே என்பதுகூட இளம் சகோதரிகள் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்ல இல்லத்துக்குள்ளும் ஒருவரை மறக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

வேதத்திலிருந்து ஒன்றைச் சொல்லுகிறேன். சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவர், தம் தாயைத் தம் சீஷனிடத்தில் ஒப்புவித்தார் (யோவான் 19:26, 27). அவருக்குச் சகோதரர் என்று சொல்லப்பட்ட நால்வரின் பெயர்களை மாற்கு 6:3 தருகிறது. அப்படியிருந்தும் அந்தத் தாய் போனது இரத்த உறவின் வீட்டுக்கு அன்று, சீஷனின் வீட்டுக்கு. தாயைப் பெற்ற பிள்ளைதான் பார்க்கவேண்டும், மற்றவர் பார்ப்பது குறைவு என்று எண்ணுகிறவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் ஆற அமர வாசிக்கவேண்டும்.

இனி வீட்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம். படுக்கையோடு படுக்கையாகிவிட்ட ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். சிவந்தது சில நாட்களில் புண்ணாகும். புண் எலும்புவரை இறங்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. அதில் நான்கு முறையாவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் அருகே. மூக்குக்குழாய் வழியே கஞ்சி கொடுப்பதாயின் தலையை உயர்த்தி வைத்துக் கொடுக்கவேண்டும், கொடுத்தபின் அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருக்கவேண்டும்; அவசரப்பட்டால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும். இத்தனையும் செய்வது யார்? “என் தாயை நான் இல்லத்துக்கு அனுப்பமாட்டேன்” என்று சபைக் கமிட்டியில் மார்தட்டுகிற அண்ணாச்சி அல்ல. பெயர் அவருக்கு, முதுகுவலி மருமகளுக்கு. காலையில் இருவரும் வேலைக்குப் போக, மறதி நோயுள்ள தகப்பனை உள்ளே வைத்து வெளியே பூட்டிச் செல்லும் வீடுகளும் உண்டு. சமையற்கட்டில் எரிவாயு சிலிண்டரின் வால்வை மூடிவிட்டுப் போவதைக் கவனிப்பு என்று நினைக்கிறார்கள். அந்த வீட்டைவிட, ஆள் இருக்கும் இல்லம் மேல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கக் கூடியவர்கள் பார்க்கட்டும். அது பெரிய பாக்கியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடுதேடி வருகின்றன. இயன்முறை சிகிச்சைக்கும் வலிதணிப்புப் பராமரிப்புக்கும் ஆள் வருகிறார்கள். நம் சபையிலேயே அநேகர் இதை அறியாதிருக்கிறார்கள். ஆனால் எல்லா வீடும் ஒன்றல்ல, எல்லா நோயும் ஒன்றல்ல.

நல்ல இல்லத்தின் ஒரு நாள் எப்படியிருக்கும் என்று சேர்ப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. அங்கே நாள் ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். இரவுப் பணியில் இருந்த ஆயாம்மா, வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொருவரையும் துடைத்து, டயப்பர் மாற்றி, நனைந்த விரிப்பை உருவிப் புதியது போடுவார். பிறகு பல் செட்டைக் கழுவிக் கொடுக்கவேண்டும். பெயர் எழுதாத டப்பாவானால் ஒருவர் பல் மற்றவர் வாய்க்குப் போய்விடும். காப்பிக்குப் பின் இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஊசி. ஊசி போட்டபின் இட்லி தாமதமாகக் கூடாது. இட்லியும் எல்லாருக்கும் ஒரே இட்லி அன்று: ஒருவருக்கு முழுதாக, ஒருவருக்குச் சாம்பாரில் ஊறவைத்து, ஒருவருக்கு மசித்து, ஒருவருக்கு மசித்ததையும் கரண்டியால் ஊட்டி, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்திருந்து. குளியலறையில் வழுக்காத தரையும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும். முதியோரின் இடுப்பெலும்பு முறிவதில் பெரும்பகுதி அங்கேயும், இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் அந்தப் பத்தடி தூரத்திலேயும்தான்.

தண்ணீர் கொடுப்பதே ஒரு பெரும்பணி. வயது ஏற ஏறத் தாகம் தெரிவதில்லை. தெரிந்தாலும் சிலர் வேண்டுமென்றே குடிப்பதில்லை. குடித்தால் எழுப்பிக் கூட்டிப்போகச் சொல்லி மறுபடியும் ஒருவரைக் கூப்பிடவேண்டுமே என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தை அறிந்த பராமரிப்பாளர், கேட்கும்வரை காத்திராமல் மணிக்கணக்கில் டம்ளரோடு வந்து நிற்பார். நேற்றுவரை தெளிவாகப் பேசிய ஆச்சி இன்று திடீரென்று பிதற்றினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், சிறுநீர்த் தொற்றா, சோடியம் குறைந்ததா, புதிய மாத்திரையா என்று மருத்துவரைக் கேட்பார். சுவரில் தொங்கும் படங்களையும் வாசலில் உள்ள தோட்டத்தையும் பார்த்து இல்லத்தைத் தெரிந்தெடுக்காதீர்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயாக்கள் என்று கேளுங்கள். முன்னறிவிப்பின்றி ஒரு பிற்பகலில் போய், படுக்கையில் கிடக்கிறவர்களின் குதிகாலைப் பாருங்கள். அரசுப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். வாசனை திரவியம் தூக்கலாக மணக்கும் இல்லத்தில் அது எதை மறைக்கிறது என்று யோசியுங்கள்.

இவை எல்லாவற்றிலும் முந்தியது, போகிறவரைக் கேட்பது. நம் குடும்பங்களில் நடக்கும் பெருங்கொடுமை ஒன்று உண்டு: “பத்து நாளைக்கு மட்டும் அம்மா, வீட்டில் பெயின்ட் அடிக்கிறோம்” என்று பொய் சொல்லிக் கொண்டுபோய் விடுவது. பத்து நாள் கழித்து அந்தத் தாய் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்காருவார். பதினோராம் நாளும் உட்காருவார். பொய்யைச் சொன்னவர்கள் ஊரில் இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லும் பாரம் சம்பளத்துக்கு வேலைபார்க்கும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. இதற்கு நேர்மாறான ஒரு காட்சி 2 சாமுவேல் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தாவீது ராஜா, தமக்கு உதவிய பர்சிலாவை எருசலேமுக்கு அழைத்து, அரண்மனையில் வைத்துப் பராமரிக்க விரும்பினார். எண்பது வயதான பர்சிலா மறுத்தார். உணவின் ருசி தெரியவில்லை, பாடகரின் சத்தம் கேட்கவில்லை, பெற்றோரின் கல்லறை இருக்கும் ஊரிலே மரிக்கிறேன் என்பது அவருடைய பதில். ராஜா வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு, ஆசீர்வதித்து, அவர் விரும்பியபடியே அனுப்பினார். அரண்மனையைக் காட்டிலும் தன் ஊர் பெரிது என்று சொல்லும் உரிமை முதியவருக்கு உண்டு. அதைக் கேட்கும் காது ராஜாவுக்கே இருந்ததாயின் நமக்கு இருக்கக்கூடாதா? மறதி நோய் முற்றியவரிடமும் சொல்லவேண்டியதைச் சொல்லியே ஆகவேண்டும். விளங்குமட்டும், பொறுமையாய், பொய்யில்லாமல்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவிடம் சொன்ன ஒரு வார்த்தையை (யோவான் 21:18) நாம் இரத்தசாட்சி மரணத்தைக் குறித்ததாகவே வாசிக்கிறோம். யோவானும் அப்படியே விளக்குகிறார். ஆனால் முதியோர் இல்லத்தின் வார்டில் நின்று அதை வாசிக்கிறவர்கள் வேறொன்றையும் காண்பார்கள். இளமையில் தானே உடுத்திக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனவன், முதிர்வயதில் கையை நீட்டுவான், இன்னொருவன் அவனுக்கு உடுத்துவான். ஐம்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவர், கோவில்பிள்ளைக்கு உத்தரவிட்டவர், சங்கத்தில் செயலராயிருந்தவர், சட்டையின் கையை நுழைக்க அடுத்தவருக்கு முன் கையை நீட்டி நிற்கும் அந்த நொடியில், அவர் மானம் அந்த அடுத்தவரின் விரல்களில் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு உடைமாற்றுகிறாரா, திறந்தே போட்டுவிட்டு மாற்றுகிறாரா? “என்ன தாத்தா மறுபடியுமா” என்கிறாரா, ஒன்றும் சொல்லாமல் துடைக்கிறாரா?

அந்த விரல்களுக்கு உரியவர் யார் என்று நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. பெரும்பாலும் கணவனை இழந்தவர், அல்லது கணவன் குடிக்கு அடிமையானவர், அல்லது பிள்ளைகளைப் படிக்கவைக்கத் தூரத்துக் கிராமத்திலிருந்து வந்து இல்லத்திலேயே தங்கியிருப்பவர். தன் தாயைப் பார்க்க ஊருக்குப் போகாமல் நம் தாயைப் பார்க்கிறவர். பன்னிரண்டு மணி நேரப் பணி, சொற்பச் சம்பளம். கிறிஸ்தவர்கள் நடத்தும் இல்லங்களிலும் “இது ஊழியம் அல்லவா” என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது கேட்க நன்றாயில்லை. ஊழியம் என்று சொல்லுகிற உரிமை செய்கிறவருக்கு உண்டு. கூலி கொடுக்கிறவருக்கு இல்லை. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். விதவைகளின் அன்றாட விசாரணையில் குறை நேர்ந்தபோது, அதைக் கவனிக்க ஆவியினாலும் ஞானத்தினாலும் நிறைந்த ஏழுபேரைச் சபை தெரிந்துகொண்டு, கைகளை வைத்து ஜெபித்தது. பந்தி விசாரிப்புக்குக் கைவைத்து ஜெபித்த சபையின் பிள்ளைகளாகிய நாம், ஆயாம்மாவுக்காக எந்த ஞாயிறன்று பெயர் சொல்லி ஜெபித்தோம்?

‘விசாரித்தல்’ என்ற சொல்லை இக்கட்டுரையில் காரணத்தோடுதான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் யாக்கோபு 1:27இலும், மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பு நாளைச் சொல்லும் பகுதியிலும் இந்தச் சொல்லே வருகிறது. இன்றைய பேச்சில் விசாரிப்பது என்றால் “சௌக்கியமா” என்று கேட்பது, அல்லது காவல் நிலையத்தில் நடப்பது. மூலமாகிய கிரேக்கச் சொல்லோ, போய்ப் பார்த்து, குறையைக் கண்டு, அதைத் தீர்க்கும்வரை பொறுப்பேற்பது. அத்தியட்சர், கண்காணி என்று நாம் சொல்லுகிற பட்டத்தின் கிரேக்கப் பெயரும் அதே வேரில் பிறந்தது. ஆகவே ஒரு மூதாட்டியின் கட்டிலண்டை உட்கார்ந்து, அவர் காதுக்கருவியின் பேட்டரி தீர்ந்துபோனதைக் கண்டுபிடித்து, அடுத்த நாள் புதியது வாங்கிக் கொண்டுபோகிற வாலிபப் பெண், வேதம் சொல்லும் பொருளில் அத்தியட்சரின் வேலையையே செய்கிறாள்.

இந்த அளவுகோலால் பார்த்தால், நாம் இப்போது இல்லங்களுக்குப் போகும் விதம் எங்கே நிற்கிறது? பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகிறோம். திருமண நாளுக்குப் போகிறோம். கிறிஸ்துமஸுக்கு வேன் வைத்துப் போகிறோம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போடவேண்டியவர்கள், கேக் வெட்டும் குடும்பம் வந்துசேரும் ஒன்றரை மணிவரை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பல்லில்லாதவர்களுக்குப் பிரியாணி, சர்க்கரை நோயாளிகளுக்கு ஜாங்கிரி. வாங்குகிறவர் முகமும் கொடுக்கிறவர் முகமும் தெரியும்படி புகைப்படம். அன்று இரவு எத்தனை பேருக்கு வயிறு கெட்டது என்பது ஆயாக்களுக்கு மட்டுமே தெரியும். டிசம்பர் மாதத்தில் ஒரே நாளில் மூன்று குழுக்கள் வந்து மூன்று முறை ஒரே பாட்டைப் பாடுகின்றன. ஜனவரி முழுவதும் ஒருவரும் வருவதில்லை. கொடுப்பதைக் குறைசொல்லவில்லை. இல்லத்தாரிடம் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்கிறேன். பிரியாணிக்கு ஆகும் செலவில் ஒரு மாதத்துக்கு டயப்பர் வரும், ஒரு காற்றுப் படுக்கை வரும். புகைப்படம் எடுக்க அவை அழகாயிரா, அவ்வளவுதான்.

அடுத்து நம் சபைப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இது சிலருக்கு வருத்தம் உண்டாக்கலாம். வேறு ஊர் இல்லத்துக்குப் போனவரின் சந்தா நின்றுபோகிறது. சந்தா நின்றபின் பெயர் பட்டியலிலிருந்து உதிர்கிறது. பெயர் உதிர்ந்தபின் அவர் அசனத்துக்கு எண்ணப்படுவதில்லை, திருவிருந்துக்கு எண்ணப்படுவதில்லை. மரித்தபின், கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்காக மட்டும் அவர் பெயரைத் தேடுகிறோம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அறுபது வயதுக்குக் குறையாத, பரிசுத்தவான்களின் கால்களைக் கழுவிய விதவைகளைச் சபையின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுகிறார் (1 தீமோத்தேயு 5:9, 10). நம் நாட்டுச் சட்டமும் அதே அறுபதையே மூத்த குடிமக்களின் வயதாக வைத்திருப்பது தற்செயலாயினும் கவனிக்கத்தக்கது. அறுபதில் பெயரைச் சேர்த்தது ஆதிச்சபை. எண்பதில் பெயரை நீக்குகிறோம் நாம். இல்லத்தில் இருப்பவர்களுக்குச் சந்தா கேட்கக்கூடாது, பெயரை நீக்கக்கூடாது, மாதந்தோறும் திருவிருந்து அவர்கள் கட்டிலுக்குப் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கமிட்டியில் இதை முன்வைப்பேன். அடுத்த ஊர் ஆயர் பார்த்துக்கொள்வார் என்பது பதிலாகாது; அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் திருமணம் நடத்திவைத்ததும் அடுத்த ஊர்ச் சபை அன்று.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கடிந்துகொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு: தாய்தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதை ‘கொர்பான்’ என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லி, கொடாமல் விடுவது. அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை, வழக்கம் இருக்கிறது. ஆலயத்துக்கு மின்விசிறி, பலிபீடத்துக்குச் சலவைக்கல், கூடவே குடும்பத்தின் பெயர் பொறித்த கல்வெட்டு. அதே வேளையில் இல்லத்தில் தாயின் கட்டணம் மூன்று மாதம் பாக்கி. அண்ணன் கட்டுவான் என்று தம்பியும் தம்பி கட்டுவான் என்று அண்ணனும் இருக்கிறார்கள். என்னைப் பொறுத்தமட்டில், பெற்றோரின் கட்டணம் நிலுவையில் இருக்கும் வீட்டிலிருந்து கல்வெட்டுக் காணிக்கை வாங்குவது சரியன்று. முதலில் அங்கே கட்டிவிட்டு, பின்பு இங்கே வாருங்கள் என்று சொல்லும் தைரியம் ஆயர்களுக்கு வேண்டும். கட்டட நிதி சற்றுத் தாமதமானால் ஆலயம் இடிந்துவிடாது.

சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிடுகிற பிள்ளைகளும் நம் சபைகளில் இல்லாமலில்லை. கண் மங்கிய ஈசாக்கின் முன் வேடமிட்டு நின்ற யாக்கோபின் கதை நமக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அது நடக்கும்போது மட்டும் நாம் அடையாளம் காண்பதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்க அதன் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது நலம். பராமரிப்புத் தொகையாக மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கும்படி உத்தரவிடும் தீர்ப்பாயம், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் இயங்குகிறது. 14567 என்ற எண்ணில் முதியோருக்கான இலவச உதவித் தொலைபேசியும் உண்டு. பிள்ளைமேல் வழக்குப்போட எந்தத் தாயும் விரும்பமாட்டாள். ஆயினும் அவளுக்குச் சட்டம் தெரிந்திருப்பது, பிள்ளைக்கும் தெரிந்திருப்பது, பல வழக்குகளை வராமலே தடுக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. துபாயிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு தவறாமல் கட்டணம் அனுப்புகிறீர்கள், அது சிறிதன்று. அலைபேசியில் முகம்பார்த்துப் பேசும்போது, உங்களுக்கு ஓய்வான நேரத்தில் பேசாமல், அவர்கள் தெளிவாயிருக்கும் நேரத்தில் பேசுங்கள். மறதி நோயுள்ள தகப்பனிடம் “நான் யார் சொல்லுங்கள்” என்று பரீட்சை வைக்காதீர்கள். “அப்பா, நான் உங்கள் இரண்டாவது மகன்” என்று நீங்களே சொல்லித் தொடங்குங்கள். ஆயாம்மாவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, அவரிடமும் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

இங்கே உள்ளூரில் இருக்கிற நமக்கு வேலை இருக்கிறது. மாலை நான்கு மணிமுதல் ஆறு மணிவரை என்பது முதியோர் இல்லங்களில் கடினமான நேரம். வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது மறதி நோயுள்ளவர்கள் நிலைகொள்ளாமல் தவிப்பார்கள். வீட்டுக்குப் போகவேண்டும், பிள்ளை பள்ளியிலிருந்து வந்திருப்பான் என்று வாசலுக்கு வருவார்கள். ஆயாக்கள் பணி மாறுகிற நேரமும் ஏறக்குறைய அதுவே. விசேஷ நாட்களில் வேன் வைத்துப் போவதற்குப் பதிலாக, வார நாட்களில் இந்த இரண்டு மணி நேரத்துக்கு இருவர் இருவராய்ப் போக ஆள் தேவை. அவர் சொல்லுவதைத் திருத்தவேண்டாம். பிள்ளை வந்திருப்பான் என்றால், அவன் பெயர் என்ன, எந்த வகுப்பு என்று கேட்டு உட்காரவையுங்கள். பழைய கீர்த்தனைகளில் ஒன்றை மெதுவாய்ப் பாடுங்கள். மகனின் பெயர் மறந்தவர்களும் பாட்டின் இரண்டாம் அடியைத் தாங்களே எடுப்பதைக் காண்பீர்கள்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வரும் ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் உபதேசியாரிடம் கொடுங்கள். வாலிபர் சங்கத்தாரும் பெண்கள் சங்கத்தாரும் வாரத்துக்கு ஒரு மாலையாவது ஏற்றால், திங்கள் முதல் வெள்ளி வரை ஒருநாளும் விடுபடாது. கையில் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றும் நகவெட்டி ஒன்றும் கொண்டுபோங்கள். கைநகம் பார்க்கும்போது கால்நகமும் பாருங்கள், குனிந்து வெட்டிக்கொள்ள முடியாமல் வளர்ந்திருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும், செவிலியரைக் கேளாமல் காலில் கத்தரி வைக்கவேண்டாம்.